மணிக்கூண்டுக் காலும் ஒரு கைப்பிடி உப்பும்

நம் அலுவலகத்துத் துருக் கணக்குப் புரோகிராமைத் திறந்தால் கடல் எவ்வளவு தூரம், கான்கிரீட் எந்தத் தரம், கம்பிக்கு மேல் எவ்வளவு கனத்துக்கு மூடியிருக்கிறது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும். எல்லாம் கேட்டு முடித்த பிறகு கடைசியில் ஒரு கட்டம் வரும்: 'வேண்டுதல் உண்டா, இல்லையா?' புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறீர்களாம். யாரோ விளையாட்டுக்கு எழுதி வைத்தது என்று நினைத்து, படிக்காமலே 'இல்லை'யை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறீர்களாம். செந்தில் போன் பண்ணி வருத்தப்பட்டான். அந்தக் கட்டத்தைப் போட்டவன் அவன், போடச் சொன்னவள் நான். ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளுக்கு இதைவிட வேறென்ன அவசர வேலை? எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

துருவைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்தப் போவதில்லை. இதைக் கணக்குப் பிரிவுக்காரர்களும் எட்டிப் பார்ப்பார்கள் என்பதால் அவர்களுக்காக இரண்டு வரி. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும், உப்பு போய்ச் சேரும் வரை. உப்பும் ஈரமும் சேர்ந்து கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு ஊதும். ஊதினால் இடம் போதாது, கான்கிரீட்டை உள்ளேயிருந்து பிளக்கும். எந்தக் காலத்தில் உப்பு போய்ச் சேரும், எந்தக் காலத்தில் பிளக்கும், அதுவரை கட்டடம் எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் நம் புரோகிராம். அதற்கு நாங்கள் ஜோசியர் என்று பெயர் வைத்திருந்தோம். பிறந்த நேரத்தைச் சரியாகக் கொடுத்தால் நன்றாகவே சொல்வார். தப்பாகக் கொடுத்தாலும் அதே தைரியத்தோடு சொல்வார் என்பதுதான் அவரிடம் உள்ள சங்கடம்.

இனி கதை. மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில் ஓர் ஊர். ரோட்டுக்கு இந்தப் பக்கம் வயல், அந்தப் பக்கம் தென்னந்தோப்பு. ஊர் நடுவில் ஒரு மாதா கோயில், கோயிலைத் தொட்டுக்கொள்ளாமல் தனியாக ஒரு மணிக்கூண்டு. நாலு கான்கிரீட் கால், மேலே ஒரு தளம், அதற்கு மேல் மணி. பழைய மணியில் கீறல் விழுந்துவிட்டது. அதைவிடக் கனமான புது மணியை ஏற்றப் போகிறார்கள். கூண்டு தாங்குமா என்று ஒரு சர்டிபிகேட் வேண்டும் என்று அந்த ஊர்ப் பங்குத்தந்தை கேட்டிருந்தார். வயதில் சின்னவர், சுறுசுறுப்பானவர், எதையும் கடைசி நேரத்தில் செய்பவர். நாங்கள் போய் இறங்கியது திருவிழாக் கொடியேற்றத்துக்கு முதல் நாள். மறுநாள் ஆயர், பிஷப்தான், வந்து மணியை மந்திரிக்கிறார் என்று பத்திரிகை அடித்துக் கொடுத்தாகிவிட்டது. கிரேன் சொல்லியாகிவிட்டது. பந்தலும் போட்டாகிவிட்டது. கூண்டைப் பற்றி மட்டும்தான் இன்னும் யாரும் யோசிக்கவில்லை.

மணியைச் செய்து கொடுத்தவர் சூசைராஜ். அந்தப் பக்கத்தில் மில்லுக்காரர் என்றால்தான் தெரியும். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். சின்ன வயதிலிருந்து மில் சத்தத்திலேயே கிடந்ததில் அவர் காது முக்கால்வாசி போய்விட்டது. தனக்குக் கேட்கவில்லை என்றால் எதிரில் இருப்பவருக்கும் கேட்காது என்று முடிவு கட்டி, எல்லாரிடமும் கத்தித்தான் பேசுவார். கொடியேற்றத்துக்கு முன்னால் அந்த வாரம் முழுக்க எனக்குப் போன் பண்ணிக்கொண்டே இருந்தார். போனை மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வேன். மேஜை அதிரும்.

"மேடம்! மணி கும்பகோணத்துல வார்த்து வந்துடுச்சு! லூர்துமேரின்னு பேரு வெட்டியிருக்கு! நீங்க சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்க!"

லூர்துமேரி அவருடைய மனைவி. இறந்துபோய்விட்டார். மணிக்குப் பேர் வைத்து மந்திரிப்பது அவர்கள் வழக்கம். அந்தம்மா உயிரோடு இருந்தபோது, கீறல் விழுந்த மணி அடிக்கும்போதெல்லாம், "நம்ம ஊரு மணி இருமுதுங்க" என்று சொல்வாராம். இதையும் மில்லுக்காரர்தான் சொன்னார். மேஜை அதிரவில்லை அப்போது. கொஞ்சம் குரல் இறங்கியிருந்தது. அதனால்தான் எனக்கு நினைவிருக்கிறது.

சம்பா அறுவடை முடிந்த சமயம். பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வண்டி ஓட்டி நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. செந்தில் பந்தல் நிழலில் லேப்டாப்பைத் திறந்து ஜோசியருக்கு ஜாதகம் கொடுத்தான். கடல் ரொம்பத் தூரம். கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், நானே இறைத்துக் குடித்துப் பார்த்தேன். கான்கிரீட் பழசானாலும் தரமானது. ஜோசியர் திரையில் ஒரு கோடு போட்டார். கோடு படுக்கவேயில்லை, நிமிர்ந்தே போனது. செந்திலின் பேரன் காலம் வரைக்கும் கூண்டு தாங்கும் என்று அர்த்தம். அப்போது செந்திலுக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

ஃபாதர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப கையெழுத்துப் போட்டுடலாமா மேடம்?"

"இன்னும் தொட்டே பாக்கலீங்களே ஃபாதர்" என்றேன்.

கான்கிரீட்டை உடைக்காமல், உள்ளே கம்பி எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்தே மின்னழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்தோம். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைக்கிற மாதிரி ஒவ்வொரு காலிலும் மேலிருந்து கீழாக வைத்துக்கொண்டே வரவேண்டும். மூன்று கால்கள் ஒரே பாட்டுப் பாடின. நாலாவது கால் வேறு பாட்டுப் பாடியது. மேலே சுமார், இறங்க இறங்க மோசம். இன்னும் இறங்கிப் பார்க்கலாம் என்றால் அந்த ஒரு காலுக்கு மட்டும் அடியிலிருந்து நெஞ்சுயரம் வரை ஆகாய நீலத்தில் பளபளவென்று டைல்ஸ் ஒட்டியிருந்தது. காரணம், அந்தக் காலை ஒட்டித்தான் ஒரு மேடை கட்டிப் புனிதர் செபஸ்தியாரின் சிலையை, அவர்கள் பேச்சில் சுரூபத்தை, வைத்திருந்தார்கள். சுரூபத்துக்குப் பின்புறம் அழகாக இருக்கட்டும் என்று மில்லுக்காரர் ஒட்டிக் கொடுத்த டைல்ஸ். நடுவில் ஒரு பெரிய டைலில் எழுத்து: 'உபயம்: லூர்துமேரி நினைவாக, கணவர் சூசைராஜ்.'

செந்தில் காகிதத்தில் ஏதோ கூட்டி வகுத்தான். "மேடம், இது ஏதாவது ஈரத்துனால வந்திருக்கும். நாலு காலையும் சேத்துச் சராசரி போட்டா பாஸ் ஆயிடுது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும் என்பது உங்களில் பழைய ஆட்களிடம் கேட்டால் தெரியும். "உங்க வீட்டுக் கட்டில்ல மூணு கால் நல்லா இருக்கு, ஒண்ணு செல்லரிச்சிருக்கு. சராசரி போட்டுட்டுப் படுப்பியா?"

யோசித்தான். "தரையில படுத்துக்குவேன் மேடம்."

நல்ல பையன். அடுத்து அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. நாலு காலும் ஒரே கொத்தனார் கட்டியது, ஒரே மணல், ஒரே தண்ணீர், ஒரே மழை. ஒரு காலுக்கு மட்டும் எப்படி வியாதி வரும்? கடல் காற்று வந்தால் நாலுக்கும்தானே வரும்? கருவிதான் கெட்டுப்போயிருக்கிறதோ என்று திருப்பி மற்ற மூன்று காலிலும் வைத்துப் பார்த்தோம். கருவி நன்றாக இருந்தது. எனக்குத்தான் மண்டை காய்ந்தது.

இந்த மாதிரிச் சமயத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். திரையையே முறைத்துப் பார்க்கிறீர்கள். நான் கொஞ்ச நேரம் வேறு ஏதாவது செய்வேன். அன்று எனக்கு வேறு வேலை ஒன்று இருந்தது. என் கழுத்தில் ரொம்ப நாளாக ஒரு மரு. சங்கிலி பட்டுப் பட்டு அரித்துக்கொண்டே இருக்கும். அம்மை, படை, மரு என்று தோலில் எது வந்தாலும் அந்தப் பக்கத்து ஜனங்கள் செபஸ்தியாரிடம் உப்பும் மிளகும் கொண்டுவந்து கொட்டுவார்கள். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், மட்டும் என்றில்லை, எல்லாரும்தான். உப்பு கரைகிற மாதிரி மரு கரைந்துவிடும் என்று நம்பிக்கை. என் வீட்டுச் சாமி வேறு. ஆனால் மரு விஷயத்தில் நான் பாரபட்சம் பார்ப்பதில்லை. செந்தில் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, கோயில் வாசலில் விற்ற அக்காவிடம் ஒரு பொட்டலம் வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சுரூபத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

பொட்டலத்தைப் பிரித்தேன். கைப்பிடி நிறைய உப்பை எடுத்தேன். கண்ணை மூடிக் கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, போடுவதற்காகக் கையை நீட்டிக் கண்ணைத் திறந்தேன். எனக்கு முன்னால் வந்தவர்கள் கொட்டிய உப்பு மேடையில் குவிந்து கிடந்தது. மேடை லேசாகப் பின்பக்கம் சரிந்திருந்தது. உப்பெல்லாம் நீல டைல்ஸின் அடியில் போய் ஒண்டியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோயில்பிள்ளை, கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவர், ஒரு வாளித் தண்ணீரோடு வந்து, "தள்ளிக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு மேடையைக் கழுவினார். உப்பும் தண்ணீருமாகக் கலந்து, டைல்ஸுக்கும் மேடைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் சளசளவென்று இறங்கியது. எங்கே போயிற்று என்று தெரியாமல் போய்விட்டது.

"தினம் இப்படித்தான் கழுவுவீங்களா?"

"திருவிழா வருதுல்லம்மா. சுத்தமா வெச்சுக்கணும்ல? எங்கப்பா காலத்துலேருந்தே தினம் கழுவறதுதான்."

எனக்குக் கை நீட்டியபடியே நின்றுவிட்டது. கடல் எவ்வளவு தூரம் என்று ஜோசியர் கேட்டார், ரொம்பத் தூரம் என்று நாங்களும் சொன்னோம். கடல் இங்கே பொட்டலம் பொட்டலமாக வந்துகொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக, ஒரே காலுக்கு, கழுவிக் கழுவி உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். போதாததற்கு வெளியே தெரியாமல் டைல்ஸ் போட்டு மூடியும் வைத்திருக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. வேண்டுதலும் சுத்தமும் அன்பும்தான் அந்தக் காலைத் தின்றுகொண்டிருந்தன.

பின்னாலிருந்து செந்திலின் குரல் கேட்டது. "மேடம், உங்களுக்கும் மருவா?"

"ஓடிப்போய் அந்த ஜோசியரை மூடு முதல்ல" என்றேன்.

சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். மற்ற கால்கள் 'டங்' என்றன. இந்தக் கால் 'பொத்' என்றது. ஆனால் டைல்ஸ் மேல் தட்டும்போது சத்தத்தை முழுக்க நம்ப முடியாது. ஒட்டியது விட்டுப்போயிருந்தாலும் அப்படித்தான் கேட்கும், உள்ளே கான்கிரீட் நன்றாகவே இருக்கலாம். துளைபோட்டுத் தூள் எடுத்துத் தஞ்சாவூருக்கு அனுப்பி உப்பு எவ்வளவு என்று பார்க்கலாம். அதற்குள் திருவிழா முடிந்து தேரும் நிலைக்கு வந்துவிடும். ஒரே வழிதான் இருந்தது. டைலைப் பெயர்த்துப் பார்ப்பது. எதைப் பெயர்ப்பது? கருவி ரொம்ப மோசம் என்று சொன்ன இடத்துக்கு நேர் கீழே லூர்துமேரி இருந்தார்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. பெயர்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்றால்? திருவிழாவுக்கு முதல் நாள், ஊர் பார்க்க, ஒரு மனிதன் பெண்டாட்டி பேரை எழுதி வைத்த கல்லை உடைத்தவள் என்று என் பேர் நிலைத்துவிடும். பெயர்க்காமல் கையெழுத்துப் போட்டு, நாளைக்குக் கனமான மணி ஆடும்போது அந்தக் கால் மடிந்தால்? முதல் கயிறு இழுப்பவர் அந்த மனிதரேதான். கூண்டுக்கு நேர் கீழே நின்றுதான் இழுக்கவேண்டும். இரண்டு தப்பில் எந்தத் தப்பைத் திருத்திக்கொள்ள முடியும் என்று யோசித்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் அதைக் கேட்டுக்கொள்ள ஆள் உயிரோடு இருக்கவேண்டும். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

ஃபாதரிடம் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போனது. கூண்டைச் சுற்றிக் கயிறு கட்டச் சொல்லிவிட்டு, "அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க மேடம்" என்று இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

சொல்லி வாய் மூடவில்லை, மணி வந்துவிட்டது. லாரியில் மாலை போட்டு, முன்னால் பேண்டு வாத்தியம் முழங்க. மில்லுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரியிலிருந்து குதித்தார். நான் அவரை ஓரமாக அழைத்துப் போய், யாருக்கும் கேட்காமல், பக்குவமாக ஆரம்பித்தேன்.

"கூண்டுல ஒரு சின்ன சந்தேகம் இருக்குங்க."

"என்னது?"

"ஒரு கால்ல கொஞ்சம் சந்தேகம்."

"உங்க கால்ல என்னங்க?"

காது கேட்காதவரிடம் ரகசியம் பேச முடியாது என்று எனக்கு ஏன் தோன்றவில்லையோ தெரியவில்லை. மூன்றாம் தடவை அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "கூண்டு விழுந்துடும் போல இருக்குங்க!" பேண்டு வாத்தியம் அப்படியே நின்றது. கூண்டில் சீரியல் விளக்கு கட்டிக்கொண்டிருந்தவர் ஏணியிலிருந்து இறங்கி, ஏணியையும் எடுத்துக்கொண்டு தூரமாகப் போய்விட்டார். அதன் பிறகு நாங்கள் பேசியது எல்லாம் ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

டைலைப் பெயர்க்கவேண்டும் என்றேன். அவர் கண் சிவந்துவிட்டது. "என் பொண்டாட்டி பேரை உடைக்கணுங்கிறீங்களா?"

"ஆமாங்க."

"உங்க கம்ப்யூட்டரு என்னங்க சொல்லுது?" என்று செந்தில் பக்கம் திரும்பினார்.

செந்தில் என்னைப் பார்த்தான், லேப்டாப்பைப் பார்த்தான். பிறகு சத்தமாக, தெளிவாக, "நல்லா இருக்குங்குது சார்" என்றான். அந்த நிமிஷம் அவனைக் கண்ணாலேயே எரித்துவிடலாம் போல இருந்தது. ஆனால் என்ன செய்வது, பொய் சொல்லவில்லையே.

"கேட்டீங்களா! உங்க கம்ப்யூட்டரே நல்லா இருக்குங்குது. நீங்க இல்லேங்கிறீங்க. நான் யாரை நம்புறது?"

"அதுக்கு இந்த உப்பு தெரியாதுங்க. நாங்க சொல்லல. எங்களுக்கே இப்பத்தான் தெரியும்" என்று கத்தினேன். தொண்டை கரகரத்தது. "உள்ள நல்லா இருந்துச்சுன்னா ஊர் முன்னால உங்ககிட்ட மன்னிப்பு கேட்டுட்டுப் போறேன். ஆனா திறந்து பாக்காம மணியை மேல ஏத்துனா, நாளைக்கு நீங்க கயித்தைப் புடிக்கிறப்ப நான் பக்கத்துல நிக்க மாட்டேன். ஃபாதரையும் நிக்க விட மாட்டேன்."

மில்லுக்காரர் டைலைப் பார்த்தார், கூண்டை அண்ணாந்து பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டு நின்றதை அந்த ஊர் அன்றுதான் முதல் தடவை பார்த்ததாக ஃபாதர் பிற்பாடு சொன்னார்.

சத்தத்தைக் காட்டி அவருக்குப் புரியவைக்க முடியாது. அதனால் அவர் கையைப் பிடித்து அழைத்துப் போய், முதலில் எதிர்க்காலில் உள்ளங்கையை வைக்கச் சொன்னேன். பக்கத்தில் சுத்தியலால் தட்டினேன். பிறகு நீல டைலில் வைக்கச் சொல்லித் தட்டினேன். அவர் முகம் மாறியது. "இன்னொரு தடவை தட்டுங்க" என்றார். தட்டினேன். கையை எடுத்துவிட்டு, மறுபடி எதிர்க்காலுக்கு அவராகவே போய், மறுபடி திரும்பி வந்தார்.

"அங்க கெட்டியா இருக்கு. இங்க பொருபொருங்குது" என்றார். "காது போனதுலேருந்து மில்லுல மோட்டாரை எல்லாம் கையை வெச்சுத்தாங்க பாக்குறேன். பேரிங் போயிடுச்சுன்னா இப்படித்தான் இருக்கும்."

பந்தலில் நின்ற கொத்தனாரிடமிருந்து கரண்டியை அவரே வாங்கினார். வேறு யாரையும் கிட்டே விடவில்லை. டைலின் ஓரத்தில் கரண்டி முனையை விட்டார். நெம்பக்கூட இல்லை. அந்த டைல் முழுசாக, ஒரு கீறல் இல்லாமல், அவர் நெஞ்சில் சாய்ந்து கைக்குள் வந்து விழுந்தது. பின்னாலிருந்து துரு அதை எப்போதோ தள்ளிவிட்டிருந்தது, பக்கத்து டைல்கள்தான் அதைப் பிடித்து வைத்திருந்தன.

உள்ளே கான்கிரீட் பொரிந்து உதிர்ந்தது. காலைச் சுற்றிக் கட்டியிருந்த வளையக் கம்பிகள் இருந்த இடத்தில் சிவப்புக் கறைதான் இருந்தது. நெடுக்குக் கம்பி அடுக்கடுக்காக உரிந்து, அப்பளம் மாதிரி கையோடு வந்தது. செந்தில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தான். நான் சொன்னது சரியாகப் போனதில் சந்தோஷப்படவேண்டும் என்று தோன்றவே இல்லை. அத்தனை நாளாக எத்தனை பேர் அந்தக் காலில் சாய்ந்து நின்றுகொண்டு பூசை பார்த்திருப்பார்கள்!

மில்லுக்காரர் காலைப் பார்க்கவில்லை. டைலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் துண்டால் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்தார். "உடையலீங்க" என்றார் என்னிடம். "அவ பேரு உடையல." எனக்குக் கண் கலங்கிவிட்டது. செந்தில் பார்க்கிறானே என்று தும்முகிற மாதிரி நடித்தேன். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு அவனும் தும்மினான்.

அதற்கப்புறம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான், முட்டுக் கொடுப்பது, ஆளை ஒதுக்குவது. அதை நான் எழுத வேண்டியதில்லை. கேள்வி வேறு. மறுநாள் மணியை எங்கே வைத்து மந்திரிப்பது? லாரியிலேயே இருக்கட்டும் என்றார் ஒருவர். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் இன்னொருவர். மில்லுக்காரருக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. "என் மில்லுல மோட்டார் தூக்குற இரும்பு முக்காலி இருக்கு! அதுல தொங்க விடுங்க!" என்று கத்தினார். முக்காலியைப் போய்ப் பார்த்தேன். மணியைப் போல இரண்டை அது தாங்கும். அதற்கு ஜோசியரைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை, கூண்டிலிருந்து நன்றாகத் தள்ளி, கோயில் முற்றத்தில் முக்காலி நின்றது. மணி தரையிலிருந்து இடுப்புயரத்தில் தொங்கியது. கொடி ஏறியது. ஆயர் மந்திரித்தார். ஊர் ஜனம் மணியைச் சுற்றி வந்து தொட்டுக் கும்பிட்டது. உயரத்தில் இருந்தால் யார் தொட்டிருக்கப் போகிறார்கள்? முதல் மணி அடிக்க மில்லுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் மணியின் நாக்கைப் பிடித்து ஓங்கி ஒரு அடி அடித்தார். நாங்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டோம், அவ்வளவு கிட்டே நின்றால் வேறென்ன செய்வது? அவர் மட்டும் அசையாமல் நின்றார். அவருக்குக் கேட்டிருக்காது. வருத்தமாக இருந்தது எனக்கு. இவ்வளவு பாடுபட்டு மனைவி பேரில் மணி செய்தவருக்கு அது எப்படி ஒலிக்கிறது என்றே தெரியாது.

அப்போது அவர் இன்னொரு அடி அடித்துவிட்டு, மணியின் மேல் தோளில், பேர் வெட்டியிருந்த இடத்தில், முந்தின நாள் காலில் வைத்த மாதிரியே உள்ளங்கையை லேசாக வைத்தார். மணி நடுங்கிக்கொண்டிருந்தது. கை வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். நடுக்கம் அடங்கும் வரை எடுக்கவில்லை. பிறகு திரும்பி என்னைத் தேடினார்.

"கேக்குதுங்க மேடம்" என்றார். கத்தவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "இருமல."

அடுத்த சில மாதங்களில் அந்தக் காலின் உப்பேறிய கான்கிரீட்டை எல்லாம் வெட்டி எடுத்துப் புதுக் கம்பி வைத்துக் கட்டி முடித்தோம். இப்போது எந்த மணியையும் ஏற்றலாம் என்று நானே கையெழுத்துப் போட்டு சர்டிபிகேட் கொடுத்தேன். ஃபாதர் போன் பண்ணினார். "மேடம், மில்லுக்காரர் மணியை மேல ஏத்தக் கூடாதுங்கிறார். ஊரும் அதையேதான் சொல்லுது." அவ்வளவு பாடுபட்டு நேராக்கிய கூண்டில் இன்று புறாக்கள்தான் குடியிருக்கின்றன. மணி கீழேயே, கை எட்டும் உயரத்தில் இருக்கிறது. உப்பு போடுவதற்குச் செபஸ்தியாருக்கு முன்னால், காலிலிருந்து தள்ளி ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்தாகிவிட்டது. தொட்டி நிறைந்ததும் தோப்புக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்த் தென்னைக்குப் போடுகிறார்கள். காய்ப்பு நன்றாக இருக்கிறதாம். அதற்கும் செபஸ்தியார்தான் காரணம் என்கிறார்கள். நான் மறுக்கவில்லை. என் மரு அப்படியேதான் இருக்கிறது. அன்று போடாமல் விட்ட உப்பைக் கைப்பைக்குள் கொட்டி, போன் சார்ஜர் துருப் பிடித்ததுதான் மிச்சம்.

'வேண்டுதல் உண்டா, இல்லையா' என்ற கட்டம் அப்படி வந்தது. வேண்டுதல் என்று எழுதியிருப்பதால் கோயிலுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கட்டடத்தில் ஜனங்கள் தினமும் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அதிராம்பட்டினம் பக்கம் போனால் மொட்டை மாடியில் கருவாடு காயப் போடுகிறார்களா என்று ஏறிப் பாருங்கள். மீன் ஐஸ் பெட்டியை எந்தத் தூணுக்குப் பக்கத்தில் இறக்குகிறார்கள் என்று பாருங்கள். எந்த மூலையைக் கழுவுகிறார்கள், எதை மூடி அழகாக வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். எங்கே ஜனங்களுக்கு ஆசை அதிகமோ அங்கேதான் நம் கணக்கு தப்பும். அங்கே போய் நிற்காமல் 'இல்லை'யை அழுத்தாதீர்கள். கையில் ஒரு கைப்பிடி உப்போடு போய் நின்றாலும் சரி.

ஒவ்வொரு வருஷமும் கொடியேற்றத்தன்று மில்லுக்காரர் எனக்குப் போன் பண்ணுவார். மணியை அடித்துவிட்டுப் போனை அதற்குப் பக்கத்தில் பிடிப்பார். அந்தப் போனில் மணிச் சத்தம் எங்கே கேட்கும்? கரகரவென்று ஓர் இரைச்சல்தான் வரும். போனை மேஜைமேல் வைத்துவிடுவேன். முன்னைப் போல ஜன்னல் பக்கம் போவதில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து மேஜையில் உள்ளங்கையை வைத்துக்கொள்வேன். மேஜை அதிரும்.

"கேக்குதா மேடம்?"

"கேக்குதுங்க!" என்று நானும் கத்துவேன்.